கலர் டிவிக் கடையில் ஒரு மதராஸி

எண்பத்திரண்டில் டில்லியில் ஸ்டெனோ வேலை கிடைக்க மதராஸி என்ற பெயரே போதும். சர்க்கார் ஆபீஸ்களில் எங்கள் ஆட்கள் விரல் தேயத் தட்டிச் சம்பாதித்த பெயர் அது. தனியார் கம்பெனிக்காரர்கள்கூட லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கு என்னைத் தேடி வந்து ஆள் கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான்.

அந்தக் கர்வத்தோடுதான் என் பெண் அனந்தலக்ஷ்மியைக் கரோல்பாக் கன்னாவின் கடைக்கு அழைத்துப் போனேன். கலரில் ஒளிபரப்பாகப்போகும் ஆசிய விளையாட்டுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்ததால் கலர் டிவிக் கடைகளில் மும்முரமாக ஆள் எடுத்தார்கள். கன்னாவுக்கு ஒரு ஸ்டெனோ வேண்டும். விற்பனைக்கும் ஒருவர் வேண்டும்.

கன்னா அவளைச் சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மதராஸிக்கு டெஸ்ட் எதுக்கு? நாளைக்கே டைப் மெஷின்ல உட்காரட்டும்" என்றார் ஹிந்தியில். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எனக்கு விற்பனை வேலைதான் வேணும்ஜி" என்றாள் அனந்து, சாவதானமாக.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழுக்குத் தாவினேன். "கைக்கு வந்த வேலையைக் கெடுத்துக்காதேடி. நம்மாத்துல யாராவது கடையில நின்னிருக்காளா?"

"நீ சும்மா இருப்பா. நாள் முழுக்க இன்னொருத்தர் சொல்றதை எழுதிண்டிருக்க என்னால முடியாது."

கன்னா சிரித்தார். "மகளே, இங்கே வர்றவங்க பஞ்சாபிங்க. உன்கிட்ட யார் பேரம் பேசுவாங்க?"

அந்த நேரம் பார்த்து ஒரு பஞ்சாபி அம்மாள், கறுப்பு வெள்ளையே போதும் என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். அனந்து குறுக்கே போய் நின்று பஞ்சாபியில் ஆரம்பித்தாள். தெருப்பிள்ளைகளோடு விளையாடிப் பிடித்துக்கொண்ட பஞ்சாபி அது.

"மாதாஜி, போட்டி தொடங்கினா தெருவே யாராவது ஒருத்தர் வீட்டுலதான் வந்து உட்காரும். அது உங்க வீடா இருக்கட்டுமே."

அம்மாள் சிரித்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு பேரம், சண்டை, மறுபடி பேரம். அனந்து எதற்கும் அசையவில்லை. கடைசியில் அந்த அம்மாள் கலர் டிவியை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

நான் கோபத்தை எங்கே விட்டேனோ தெரியவில்லை. என் பதவி உயர்வுக்குக்கூட அப்படிப் பூரித்ததில்லை.

கன்னா அவளை விற்பனைக்கே வரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தலையைச் சொறிந்தார்.

"சரி சாகிப், ஸ்டெனோவுக்கு இப்ப நான் எங்கே போவேன்?"

"ஏன், ஒரு பஞ்சாபிப் பெண்ணைப் போடுங்களேன்" என்றேன்.