ஏசுதாஸ் பேரில் நட்ட சவுக்கு

சாலவாக்கத்துக்கு வடக்கே முத்துவேலுக்கு ஒரு மேட்டுக் கொல்லை சும்மா கிடந்தது. ஏரித் தண்ணீர் ஏறாத மண். கேழ்வரகு போட்டால் விதைத்த செலவுகூடத் தேறாது. ஏரிக்குக் கீழே நல்ல நஞ்சை இருந்ததால் அவர் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

பிளாக் ஆபீஸ் வந்த புதிதில் கிராம சேவக் ராஜாராம் சைக்கிளில் வந்து ஒரு சேதி சொன்னார். மரம் வளர்க்க வருகிறவர்களுக்குச் சர்க்கார் சவுக்குக் கன்று இலவசமாகத் தருகிறது. நடவுக்கும் தண்ணீர் ஊற்றுவதற்கும் உதவிப் பணம் உண்டு. ஆனால் நஞ்சை வைத்திருக்கிறவர்களுக்குக் கிடையாது. கூலி வேலை செய்கிறவர்கள், குத்தகை பிடிக்கிறவர்கள், இவர்களுக்குத்தான்.

"அதுக்கென்ன? நம்ம ஏசுதாஸுக்குக் கொல்லையைக் குத்தகைக்கு வுட்டுட்டேன்னு எழுதிக்கோ" என்றார் முத்துவேல்.

ஏசுதாஸ் அவரிடம் வேலை செய்த ஆள். அவனுடைய அப்பாவும் அவர் வீட்டு வயலில்தான் உழைத்துச் செத்தார். முத்துவேல் அவனை உத்திரமேரூர் பிளாக் ஆபீஸுக்குக் கூட்டிப் போய்க் கைநாட்டு வைக்கச் சொன்னார். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பேர்தானே, அவனுக்கென்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் கன்றுகள் வந்து இறங்கின. ஏசுதாஸும் அவன் மனைவி பவளமும் நட்டு முடித்தபோது ராஜாராம் அவன் முதுகைத் தட்டினார்.

"இனிமே நீயும் தோப்புக்காரன்பா. வெயில் காலத்துல வாடாம பாத்துக்கோ."

ஏசுதாஸ் சட்டென்று முத்துவேலைத் திரும்பிப் பார்த்தான். நிஜமா என்று கேட்கிற பார்வை. அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ராஜாராம் நின்றார். முத்துவேல் சிரித்து, "கேட்டுக்கினியா?" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வயல் வேலை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள். சித்திரை வெயிலில் மற்றவர்கள் கன்றெல்லாம் காய்ந்தபோது அவர்கள் கன்று பச்சையாக நின்றது. உதவிப் பணம் வந்ததும் ஏசுதாஸ் அதை அப்படியே கொண்டுவந்து முத்துவேலிடம் நீட்டினான்.

"கொல்லைக் கெணறு தூந்துபோயி கீது. தூர் வாரணும். நீங்களே ஆளு வெச்சி செய்ங்க ஐயா. எனக்கு இன்னா தெரியும்?"

முத்துவேல் வாங்கிக்கொண்டார். தூர் வாரியது நஞ்சைக் கிணற்றை.

மரம் ஆள் உயரம் தாண்டியது. கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் எல்லார் முன்னாலும் ஏசுதாஸ் எழுந்து, "எங்க ஐயா எனக்குத் தோப்பு குடுத்தாரு. அவர் குடும்பம் நல்லா இருக்கணும்" என்று ஜெபம் பண்ணினானாம். முத்துவேலின் மனைவி ராணியம்மாள் அதைக் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

"அந்த மனுசன்கிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. நாள் போகப் போகச் சொல்ல வாய் வராது."

"சொல்றேன், சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. ஏசுதாஸ் எதிரே வந்தாலே வேறு பேச்சு எடுக்கக் கற்றுக்கொண்டார்.

மகள் கனகாவுக்குக் கல்யாணம் கூடிவந்த வருஷம் மரம் வெட்டுக்கு வந்திருந்தது. செங்கல்பட்டு விறகுக் கடைக்காரர் ஏகாம்பரம் வந்து பார்த்து விலை பேசினார். வெட்டுகிற அன்றைக்கு முத்துவேல் ஏசுதாஸைக் கூப்பிட்டு, தாமலில் இருக்கும் தம்பி வீட்டுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகச் சொன்னார். வண்டி தெருக்கோடி திரும்பும் வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

வழியில் வண்டி அச்சு முறிந்துபோனது. ஆசாரியைத் தேடி ஊருக்குத் திரும்பிய ஏசுதாஸின் காதில் கோடாலிச் சத்தம் விழுந்தது. பவளத்தையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தான். முன்னால் நின்ற வெட்டுக்காரனின் கையைப் பிடித்து முறுக்கினான்.

"யார்ரா நீங்கல்லாம்? யார் தோப்புல யாரு வெட்றது? எங்க ஐயாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா? பவளம், ஓடு, ஐயாவைக் கூட்டியா!"

பவளம் ஓடவில்லை. புளிய மர நிழலில் ஏகாம்பரத்தோடு உட்கார்ந்திருந்த முத்துவேலை அவள் பார்த்துவிட்டாள்.

"யாருங்க இவன்? தோப்பு அவன்துன்ற மாதிரி கத்துறான்?" என்றார் ஏகாம்பரம்.

முத்துவேல் மரங்களைப் பார்த்துக்கொண்டே, "நம்ம ஆளுதான்" என்றார். பிறகு, கேட்காமலே, "தண்ணி ஊத்தினவன்" என்றும் சொன்னார்.

வெட்டுக்காரனின் கையை ஏசுதாஸ் விட்டுவிட்டான். கொஞ்ச நேரம் வெட்டிக் கிடந்த மரங்களையே பார்த்தான். பிறகு சிரிக்கப் பார்த்தான்.

"ஆமாங்க. தண்ணி ஊத்தினவன்தான். திருட்டுப் பசங்கன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சுக்கோங்க." துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெட்டுக்காரனிடம், "இன்னொரு கோடாலி கீதாப்பா? நானும் ஒரு கை புடிக்கிறேன்" என்றான்.

வேற்றூர்க்காரன் முன்னால் எஜமானின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு அவன் மரம் வெட்டினான். பவளம் முத்துவேலை நேராகப் பார்த்தாள். இதற்கு முன் அவள் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அவன் இவரைப் பார்த்துக் கத்தியிருந்தால் பதிலுக்கு இவரும் கத்தியிருப்பார். நிலம் என்னுதுடா என்று சொல்லியிருப்பார். அவன் மன்னிப்பல்லவா கேட்டான்! கல்யாணப் பந்தலில் வந்தவர்களை வரவேற்கும்போதும் அந்த மன்னிப்பு காதுக்குள் இருந்தது. ஏசுதாஸ் பின்கட்டில் விறகு பிளந்தான். சவுக்கு விறகு. முத்துவேல் அந்தப் பக்கம் போகவில்லை.

கல்யாணம் முடிந்த பிறகு அவர் சேரிக்குப் போனார். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. எது ஏசுதாஸ் வீடு என்று விசாரிக்க வேண்டியிருந்தது. அதுவே கூச்சமாக இருந்தது. ஏசுதாஸ் வாசலில் நின்றான். பவளம்தான் கேட்டாள்.

"இன்னா வேணுங்க?"

"மறுபடி கன்னு நடலாம்னு... இந்தத் தடவை நெஜமாவே உங்களுக்குத்தான்."

"போன தடவையும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தோம்" என்றாள் பவளம். "வாயால சொன்னது போதுங்க. எழுதிக் குடுக்கிறதா இருந்தா குடுங்க. இல்லேன்னா எங்களைக் கூப்பிடாதீங்க."

ஒரு கூலிக்காரி இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

மேட்டுக் கொல்லையை ஏசுதாஸ் பேருக்கே உத்திரமேரூரில் ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்தார். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஏசுதாஸ் பின்னால் நின்றுகொண்டான். அதற்கப்புறம் அவர் வயலுக்கு வேலைக்கு வரவுமில்லை.

அந்த வருஷ மழையில் சர்க்கார் கன்றுகள் மறுபடி வந்தன. யாரும் கூப்பிடாமலே முத்துவேல் மேட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தார். சேரியிலிருந்து நாலைந்து பேர் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்ல நினைத்து இரண்டடி உள்ளே வைத்தார்.

"ஐயா, வரப்புலயே நில்லுங்க" என்றாள் பவளம். "கன்னு மெதிபடும்."

அவர் காலைப் பின்னால் எடுத்து வரப்பில் ஏறி நின்றார். அவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். மழை வலுத்தது. கொஞ்ச நேரம் நனைந்துகொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.