ஜன்னல் இல்லாத சுவருக்கு ஒரு டிவி

"நிப்பாட்டிட்டேன்," என்றான் கடைக்கார நிரோஷன். "இப்ப டிவி ஓடல."

ஓடாத டிவியில் ஒரு குதிரை புல் மேய்ந்துகொண்டிருந்தது. வரைந்த படம். வண்ணம் தடவிய தடம்கூடத் தெரிந்தது. சுற்றிலும் மரச்சட்டம். ஏஞ்சலா மூக்கை ஒட்டி வைக்காத குறையாகக் கிட்டப் போய்ப் பார்த்தாள். கண்ணாடிப் பளபளப்பே இல்லை. அவள் முகம் அதில் விழவில்லை.

"ஆளு இருக்குற வரைக்கும் படம் காட்டும் மிஸ். ஆளு வெளிய போயிட்டா அதுவும் தூங்கிரும்."

"ஆளு இருக்குன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"அசையிறத வச்சுக் கண்டுபுடிக்குது."

"அப்ப இவரு ஞாயித்துக்கெழம படுத்திருந்தா?"

"ஆளு இல்லன்னுதான் நெனைக்கும்."

"சரியாத்தான் நெனைக்குது," என்றாள் ஏஞ்சலா. பக்கத்தில் நின்ற லோரன்ஸ் சிரிக்காமல் தலையைச் சொறிந்தான். டிவி வாங்கலாம் என்று சொன்னவன் அவன்தான்.

ஏஞ்சலாவுக்கு டிவி தேவைப்படவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ஜன்னல்.

அவர்கள் இருப்பது கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய, முதுகோடு முதுகு ஒட்டிய பழைய லயத்தில். ஒரே கூரை. நடுவில் நீளமாக ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒற்றை அறையாக ஒரு வரிசைக் காம்பரா, அந்தப் பக்கம் ஒரு வரிசைக் காம்பரா. இவர்கள் வாசல் மண்மேட்டைப் பார்க்கும். அந்தப் பக்கத்தார் வாசல் பள்ளத்தைப் பார்க்கும். பின்கதவோ பின் ஜன்னலோ யாருக்கும் கிடையாது. பின்னால் இருப்பது இன்னொரு குடும்பம். வெளிச்சம் முன்னாலிருக்கிற இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். மழைக்காலத்தில் உள்சுவர் வியர்க்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தச் சுவருக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்துதான் ஏஞ்சலா பிள்ளைகளின் கொப்பி திருத்துவாள். தலையை நிமிர்த்தினால் சுவர். குனிந்தால் கொப்பி. கல்யாணமாகி வலப்பனையிலிருந்து வந்த நாள்முதல் இதுதான்.

போன மாதம் ஒரு நாள் சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனி என்னால ஏலாதுங்க. ஹட்டன்ல ஒரு ரூம் எடுப்போம். ஜன்னல் உள்ள ரூம்."

லோரன்ஸுக்குத் தோட்டத்து பெக்டரியில் இரவு வேலை. தேயிலை அரைக்கிற இயந்திரங்களோடு விடியும்வரை நின்றுவிட்டு வந்தால் பத்து நிமிட நடையில் படுக்கை. காம்பரா அவன் பெயரில் இருக்கிறது. விட்டுப் போனால் மறுநாளே வேறொருவர் சட்டி பானையோடு வந்து நிற்பார். அவன் சில நாட்கள் பேசவே இல்லை. பிறகு போனில் இந்த டிவியைக் காட்டினான். "படமா மாட்டிக்கலாம். ஜன்னலு மாதிரித்தான்."

"பாக்குறேன்," என்றாள் அவள். "சரிவரலன்னா ரூம்தான். அப்பறம் பேச்சு மாறக்கூடாது."

அந்தப் பேச்சோடுதான் இருவரும் கடையில் நின்றார்கள். நிரோஷன் ஒவ்வொரு படமாகத் தள்ளினான். பூச்சாடி. பனி மூடிய மலை. பாய் விரித்த கப்பல். அடுத்து ஒரு பச்சைச் சரிவு, முதுகில் கூடையோடு சிரிக்கிற ஒரு பெண்.

"இது நம்ம ஊரு மிஸ்! வெள்ளக்காரங்களே இதத்தான் கேக்குறாங்க."

"அவங்களுக்கே குடுத்துருங்க. தள்ளுங்க."

"மாதா கெபி இருக்கா?" என்றான் லோரன்ஸ்.

"சொந்தப் படமும் போடலாம் அண்ணே. போன்ல புடிச்சு அனுப்புனாப் போதும்."

ஏஞ்சலா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். மடியில் கொப்பி இருப்பதுபோல் குனிந்தாள். நிமிர்ந்தாள். கப்பல் இருந்தது. மறுபடி குனிந்து நிமிர்ந்தாள். கப்பல் அங்கேயே இருந்தது. படம் அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஜன்னலில் தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. அம்மா வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்தது ஒரு பேக்கரியின் பக்கச் சுவரும் தகரக் கூரையும். அதை யாரும் சட்டம் போட்டு மாட்ட மாட்டார்கள்.

"இது சுவரோட ஒட்டி நிக்கணும்," என்றான் நிரோஷன். "ஒட்டுனாத்தான் படம். தள்ளி நின்னா வெறும் டிவி. உங்க சுவரு என்னா சுவரு? சீமெந்து புளொக்கா?"

"கல்லும் மண்ணும். மேல சுண்ணாம்பு."

"அந்தப் பக்கம்?"

லோரன்ஸும் ஏஞ்சலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேச்சியம்மாக்கா," என்றாள் ஏஞ்சலா.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடுச்சுவரில் ஆணி அடிக்க வேண்டுமானால் முதலில் அந்தப் பக்கம் போய்க் கேட்க வேண்டும். அடிக்கும் நாளில் சுவரில் மூன்று தரம் தட்ட வேண்டும். அந்தப் பக்கத்தார் விளக்கையும் சாமி படத்தையும் இறக்கி, அடுப்பிலிருக்கும் சட்டியை மூடுவார்கள். மூடாவிட்டால் சோற்றில் சுண்ணாம்பு விழும். இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

ஏஞ்சலா கேட்கப் போனாள். சுவர் வழியாகப் பார்த்தால் பேச்சியம்மாவின் அடுப்படி கை நீட்டும் தூரம். நடந்தால் லயத்தின் கோடி வரை போய், தண்ணீர்ப் பீலியைச் சுற்றி, மறுபடி அத்தனை வாசலையும் கடந்து வர வேண்டும். பேச்சியம்மாவின் இருமல், ரேடியோ, கேத்தல் மூடி விழும் சத்தம் எல்லாம் ஏஞ்சலாவுக்கு அத்துப்படி. வீட்டுக்குள் போனது மட்டும் மிகக் குறைவு.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த பேச்சியம்மா, இஸ்தோப்பில் காலை நீட்டி அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரு. டிவிதானே? கேட்டுச்சு."

"எல்லாமே கேட்டுச்சாக்கா?"

"ரூம் எடுக்கணும்னு நீங்க சொன்னது, தம்பி மாட்டேன்னது, எல்லாம். தம்பி வாயத் தொறக்காம இருந்தாருல்ல, அந்த நாளுங்கதான் எனக்கு ஒண்ணும் வெளங்கல. கஷ்டமாப் போச்சு."

ஏஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் துளை போட வேண்டியிருப்பதைச் சொன்னாள்.

"போடுங்க. பாதிச் சுவரு என்னோடதுதானே, அதனால கேக்குறேன். என்னா படம் மாட்டப் போறீங்க?"

"இன்னும் முடிவாகலக்கா. அவரு கடலு நல்லாருக்கும்ங்கிறாரு."

"கடலு வேணாம். அது எந்நேரமும் என் முதுகுப் பக்கம் நின்னா எனக்குச் சளி புடிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து இவர்கள் வந்த கையோடு, நிரோஷன் முச்சக்கரவண்டியில் டிவிப் பெட்டியும் துளைபோடும் மிஷினுமாக வந்து இறங்கினான். லோரன்ஸ் சுவரில் மூன்று தரம் தட்டினான்.

"ஆச்சு, எறக்கிட்டேன்! போடுங்க!" என்று சுவர் பதில் சொன்னது.

முதல் துளையில் மண் கொட்டியது. இரண்டாவது கொஞ்சம் நின்றது. மூன்றாவதில் உள்ளே இருந்த கல் ஒன்று பிடியை விட்டது. மிஷின் கழுத்துவரை உள்ளே போய்விட்டது. நிரோஷன் தடுமாறி நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். "டீச்சரு! லெச்சுமிக்கு மூக்கு குத்திட்டீங்க!"

பேச்சியம்மா விளக்கை இறக்கியிருந்தாள், சட்டியை மூடியிருந்தாள். நகைக்கடைக் கலண்டரில் தாமரை மேல் நின்ற லட்சுமியை மறந்துவிட்டாள். லோரன்ஸின் முகம் வெளுத்துவிட்டது. வேதக்காரன் வீட்டு மிஷின் இன்னொரு வீட்டு லட்சுமியின் முகத்தில் போய் நின்றது என்றால் லயத்தில் அது எப்படியெல்லாம் பேசப்படும் என்று அவனுக்குத் தெரியும்.

"அக்கா, தெரியாம நடந்துருச்சு, மன்னிச்சிருங்க," என்று சுவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"மூக்குத்தி ஒண்ணு வாங்கிக் குடுங்க, சரியாப் போயிரும். போன வருசக் கலண்டருதான் தம்பி. நானே கழட்டணும்னு இருந்தேன்."

நிரோஷன் மிஷினை உருவினான். அந்தப் பக்கம் பேச்சியம்மா கலண்டரை எடுத்தாள். விரல் தடிமனுக்கு வெளிச்சம் உள்ளே வந்தது. சுவரிலிருந்து நேராகப் புறப்பட்டுக் கட்டில் விரிப்பில் போய்க் குத்தி நின்றது. அந்த ஒளிக்கோட்டில் சுண்ணாம்புத் தூசி சுழன்றது. அந்தக் காம்பராவுக்குள் அந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்ததை உயிரோடு இருக்கும் யாரும் பார்த்ததில்லை.

ஏஞ்சலா துளையில் கண்ணை வைத்தாள். நீல ரவிக்கை மட்டும் தெரிந்தது.

"அக்கா, கொஞ்சம் நகருங்க."

ரவிக்கை நகர்ந்தது. பேச்சியம்மாவின் காம்பரா, திறந்த கதவு, வாசலில் துணிக்கொடி, அதில் இடுப்பில் கட்டுகிற இரண்டு சாரமும் ஒரு சேலையும். அதற்குக் கீழே, தூரத்தில், தகரத் துண்டு மாதிரி நீர்த்தேக்கம். அவள் அந்தத் தண்ணீரைப் பார்க்காதவள் இல்லை. தினமும் பஸ்ஸிலிருந்து பார்ப்பாள். தன் கட்டிலுக்கு எதிரே, தான் கொப்பி திருத்துகிற சுவருக்கு நேர் பின்னால் அது இருக்கிறது என்று மட்டும் ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை. ஒரு கோழி வாசலைக் கடந்து போனது. சாரம் காற்றில் புரண்டது.

"நீங்களும் பாருங்க."

லோரன்ஸ் குனிந்து பார்த்தான். "தண்ணி தெரியுது," என்றான்.

ஏஞ்சலா போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். பீலியைச் சுற்றிக்கொண்டு போய், பேச்சியம்மாவின் காம்பராவுக்குள் அந்தத் துளைக்கு முதுகைக் கொடுத்து நின்று, கதவு வழியாகப் படம் பிடித்தாள். "மொகத்தக் கழுவிட்டு வர்றேன், இருங்க," என்றாள் பேச்சியம்மா. "உங்களையில்லக்கா, வாசல," என்றாள் ஏஞ்சலா.

நிரோஷன் சீமெந்து குழைத்து இரு பக்கமும் துளையை அடைத்தான். நல்ல கல் அகப்பட்ட இடங்களில் ஒரு பலகையைப் பதித்து, அதன்மேல் டிவியை மாட்டினான். படம் வந்தது. கதவுச் சட்டம், கொடி, சாரம், வெயில், கீழே தண்ணீர். உண்மையிலேயே சுவரை வெட்டித் திறந்துவிட்டதுபோல் இருந்தது. லோரன்ஸ் ஏஞ்சலாவின் முகத்தைப் பார்த்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து, நிமிர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது. அவன் மூச்சு விட்டான். நிரோஷன் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

சற்று நேரத்தில் பேச்சியம்மா சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"இது என் வாசலு!"

"ஆமாக்கா."

"சாரத்த எடுத்திருப்பேனே! பாருங்க, மனுசனோட சாரத்துல ஓட்ட தெரியுது. நாடே பாக்கப் போவுது." கிட்டப் போனாள், தள்ளி நின்றாள், சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். "தண்ணி கூட இருக்கு. இந்த எடத்துல நின்னு ஒரு நாளும் பாத்ததில்ல. வேலைக்கு எறங்குற அவசரம், வந்தா அடுப்பு. நல்லாத்தான் இருக்கு என் வாசலு." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள், "சாரம் ஏன் அசையாம நிக்கிது?"

"படம்க்கா."

அப்போது கூரைத் தகரத்தில் கல் எறிந்தாற்போல் மழை விழுந்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மழை இப்படித்தான், சொல்லாமல் வரும்.

"ஐயோ என் துணி!" பேச்சியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். லயத்தின் கோடி வரை அவள் செருப்புச் சத்தம் போவது கேட்டது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கதவு இடிபட்டது. மழையையும் புருஷனையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டுவது கேட்டது. துணி நனைந்துவிட்டது போலிருக்கிறது.

சுவரில் சாரங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

ஏஞ்சலா முதலில் சிரித்தாள். கை தட்டிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. படத்தைப் பார்த்தபடியே இருந்தாள். வெளியே மண்மேட்டில் தண்ணீர் ஓடி, இஸ்தோப்பு இருண்டுவிட்டது. காம்பராவுக்குள் அந்த வெயில் மட்டும் அப்படியே நின்றது. லோரன்ஸும் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். பகலில் தூங்காமல் அந்தச் சுவருக்கு எதிரே அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மழ வர்றது இதுல தெரியாது, என்ன?" என்றான்.

"தெரியாதுங்க."

"நாளைக்கும் இதே வெயிலுதானா?"

"மாத்தினாத்தான் மாறும். வேற படம் எடுத்துப் போடணும்."

அவன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனான். ஈரம் ஏறுகிறதா என்று சுவரைக் கையால் தடவிப் பார்த்தான். ஏறத்தான் செய்தது. உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

"ரூம் பாக்கப் போறப்ப வெயிலு நேரத்துல போவ வேணாம்," என்றான். "மழையில போவோம். ஜன்னலத் தொறந்து பாத்துட்டுத்தான் எடுக்கணும்."

ஏஞ்சலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ராத்திரி வேலைக்கு எப்பிடி வருவீங்க?"

"பகல் வேலைக்கு மாத்தச் சொல்லிக் கேக்கணும்."

"குடுப்பாங்களா?"

"தெரியாது. இதுவரைக்கும் கேட்டதில்லையே."