கீழ்ப் போர்ஷன் வாடகைக்கு விடப்படும்

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. மென்பொருள் எழுதுபவர் ஒருவரிடம் தொழில்நுட்பத்தையும் நகர வாழ்க்கையையும் பற்றிக் கருத்துக் கேட்டு, இரண்டு பக்கக் கட்டுரையாகத் தரும்படி ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் செவ்வந்தியைப் பிடித்தேன். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். கூடவே அவள் அம்மா காத்தாயி. செவ்வந்தியிடம் கருத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாய் பேசிக்கொண்டிருக்க, கை செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. வீடு பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் கூப்பிட வேண்டும். எனக்குக் கட்டுரை அங்கேயே கைநழுவிவிட்டது.

(செவ்வந்தி என்பது அவள் பெயர் இல்லை. ஊர்ப் பெயரும் போடக்கூடாது. ‘பாபநாசம் பக்கம்’ என்று மட்டும் எழுத அனுமதி.)

2

முதல் தொடக்கம்: “செவ்வந்தி லேப்டாப்பைத் திறந்தபோது…” வேண்டாம். லேப்டாப்பைத் திறந்து ஆரம்பிக்கிற கதைகள் அதை மூடித்தான் முடிகின்றன.

இரண்டாம் தொடக்கம்: “காவிரியில் தண்ணீர் வந்து சேர்ந்த அன்று…” இதையும் அடித்துவிட்டேன். தஞ்சாவூர்க் கதை என்றதும் மதகைத் திறந்துவிடுவது எங்களுக்கு ஒரு வியாதி.

சரி, அவள் கருத்திலிருந்தே வருகிறேன். தேவையில்லாத கேள்வியை ஒரு நல்ல செயலி கேட்கக்கூடாது என்பது அவள் கட்சி. சாப்பாடு கொண்டுவர முகவரி வேண்டும், அப்பா பெயர் எதற்கு? கம்பெனியில் மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்று கேள்விகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பவள் அவள். நகரமும் அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

“ஆட்டோக்காரர் எங்க போவணும்னுதான் சார் கேப்பாரு. எங்கேருந்து வர்றன்னு கேக்கமாட்டாரு. அதுக்குத்தானே டவுனு?”

3

இப்போது இருக்கும் மாடி வீட்டை மாசக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். காத்தாயிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, படி ஆகாது. கீழ்வீடாகத் தேடி அலைந்ததில் எல்லா இடத்திலும் ‘சொல்லி அனுப்புறோம்’ என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இன்று காலை மெடிக்கல் காலேஜ் ரோட்டை ஒட்டி ஒரு கீழ்ப் போர்ஷன். வீட்டுக்காரர் நாகேஸ்வரன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பர்வதம் கதவைத் திறந்துவிட்டதும், காத்தாயி யார் கையையும் பிடிக்காமல் சமையலறை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். மகளுக்கு அதைப் பார்த்ததுமே இந்த வீடுதான் என்று ஆகிவிட்டது.

“பூர்வீகம் எதும்மா?” என்றார் நாகேஸ்வரன்.

“பாபநாசம் பக்கம் சார்.”

“பக்கம்னா? எங்களுக்கும் அங்கதான் நிலம் இருந்தது. குத்தகைத் தகராறு, கேஸு… கடைசில எல்லாம் கைய விட்டுப் போயிடுத்து. ஊர் பேரச் சொல்லு, மேப்ல பாக்கறேன். இப்ப இதான் எனக்குப் பொழுதுபோக்கு. கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருக்கு, சாயங்காலம் வந்துடும். பாத்துட்டு போன் பண்றேன்.”

அவள் ஊரைச் சொல்லிவிட்டாள்.*

* நாகேஸ்வரனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. காத்தாயிக்கு அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். எத்தனை தடவை திருத்தி எழுதினாலும் அந்த நாற்காலி போகமாட்டேன் என்கிறது.

4

கொரோனா ஊரடங்கில் ஊரில் இருந்தபோது செவ்வந்தி ஒரு காரியம் செய்தாள். அதுவரை இணைய வரைபடத்தில் அவள் ஊர் வெறும் பச்சை. உட்கார்ந்து ஒவ்வொரு தெருவாக ஏற்றினாள். தன் தெருவுக்கு, முனையில் பலகையில் உள்ளபடியே ‘காலனித் தெரு’ என்று பெயர் கொடுத்தாள். தன் வீட்டுக்கு ‘காத்தாயி இல்லம்’ என்று குறி போட்டுப் படமும் ஏற்றினாள். படத்தில் புதுப் புடவையில் காத்தாயி, கேட்டில் கை வைத்துக்கொண்டு. பின்னால் இரண்டு கழகங்களின் கொடிக்கம்பங்கள். எது ஆட்சிக்கு வருகிறதோ அதற்குப் புதுப் பெயிண்ட். வீடு தேடி முதல் பார்சல் வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் தெருப் பெயர் தெரிந்தால் சாதி தெரிந்த மாதிரிதான். ஊர் ஊராகப் பார்க்கிறவர், காலையில் தன் வீட்டில் நடந்த அம்மாளைப் படத்தில் அடையாளம் கண்டுகொள்ள எவ்வளவு நேரமாகும்? கேள்விகளை நீக்குவதே வேலையாக இருந்தவள், பதிலைத் தன் கையாலேயே ஊரறியப் போட்டு வைத்திருக்கிறாள்.

அவள் போட்டதுதான், அவளே எடுத்துவிடலாம். சாயங்காலத்துக்குள்.

5

“எடுத்துடு பாப்பா” என்றாள் காத்தாயி, பன்னை டீயில் நனைத்தபடி. “எனக்குப் படி ஏற முடியல. படத்துல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“அது நம்ம வூடும்மா.”

“வூடு அங்கதானே இருக்கப் போவுது?”

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த மனை எப்படி வந்தது என்று கேட்டேன்.

“கூலிநெல்லு கூடக் கேட்டாருன்னு எங்கப்பாவ மனைய விட்டு எறங்கச் சொன்னாங்க. நான் சின்னப் புள்ள. கூரையப் பிரிச்சு வாய்க்கால்ல போட்டாங்க. அப்பறம் சட்டம் வந்து பட்டா குடுத்தாங்க. இப்ப எதுக்கு அதெல்லாம்? எளுதவா?”

எழுதத்தான். இதைக் கேட்ட பிறகு அவள் அழிக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றியது, வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

“அழிக்காம இருந்தா உங்க கதை நல்லா முடியும் சார்” என்றாள் செவ்வந்தி. “நாங்க எங்க போறது?”

நானும் இதே ஊரில் வீடு மாறியவன்தான். பெயரைச் சொன்னதுமே தலையாட்டிச் சாவியை நீட்டினார்கள். வெட்கமாக இருந்தது.

6

மூன்று முடிவுகள் எழுதி, அந்த மேஜையிலேயே படித்துக் காட்டினேன்.

அ) அழித்துவிடுகிறாள். வீடு கிடைக்கிறது. காத்தாயி வாசல் வரை நடக்கிறாள். யாராவது பூர்வீகம் பற்றி ஆரம்பித்தால் அம்மாவும் மகளும் உள்ளே போய்விடுகிறார்கள்.

ஆ) அழிக்கவில்லை. “சொந்தக்காரா கேக்கறாம்மா, தப்பா நெனச்சுக்காதே” என்கிறார் நாகேஸ்வரன்.

இ) அழிக்கவில்லை. அவர் பார்க்கிறார், பார்த்தும் சாவியைத் தருகிறார்.

மூன்றாவதைக் கேட்டு செவ்வந்தி சிரித்தாள். “இது அவரோட பெரிய மனசப் பத்தின கதை சார். வாடகையும் குடுத்து, அவரக் கும்புடவும் வேணுமா?”

பிறகு சிரிப்பு போய்விட்டது. வரைபடத்தைத் திறந்தாள். ‘காத்தாயி இல்லம்.’ அழி என்று தொட்டதும், ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டது.

“இது தேவையில்லாத கேள்வியா, தேவையானதா?” என்றாள். என்னைக் கேட்கவில்லை. கட்டைவிரல் போன் கண்ணாடிக்கு மேல் நின்றது. அவள் அதை (…இங்கே ஒரு வாக்கியம் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறேன்…)

திரை மாறியது. போன் வருகிறது. நாகேஸ்வரன்.

“கண்ணாடி வந்துடிச்சு போல” என்றாள் காத்தாயி.

7

நாகேஸ்வரன் பேசப்போவதை நான் எழுத மாட்டேன். அதற்கு உரியவன் நான் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாரோ ஒருவர் வீட்டில் கீழ்ப் போர்ஷன் காலியாக இருக்கிறது. கேட்டில் டு-லெட் அட்டை தொங்குகிறது. நல்ல மனுஷர்தான், நாற்காலி எடுத்துப் போடக்கூடியவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதுவரை படித்தும்விட்டீர்கள். தெரு தெரிந்துவிட்டது. அவள் அழித்திருந்தாலும் இனிமேல் பிரயோஜனமில்லை, நான்தான் எழுதிவிட்டேனே.

செவ்வந்தி போனை எடுத்துவிட்டாள். காத்தாயி பன்னைக் கீழே வைத்துவிட்டு மகள் முகத்தையே பார்க்கிறாள்.

“சொல்லுங்க சார்” என்கிறாள் செவ்வந்தி.

சொல்லுங்க.