பட்டியலில் இல்லாத தோபா

இப்போதெல்லாம் எவனும் வாயால் சொன்னால் நம்புவதில்லை. கம்ப்யூட்டர் பெட்டியில் இருந்தால்தான் நம்புகிறான். எங்கள் வில்னா நகரத்தில், ஜெர்மன்காரன் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவையே பெட்டிக்குள் வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். வீட்டின்மேல் விரல் வைத்தால் அங்கே இருந்தவர்களின் பெயர் வருகிறது. என் சிநேகிதன் லேஸர் காட்டினான். எங்கள் வீட்டில் விரல் வைத்தேன்.

‘மெரே, ரோமத்தோல் தைக்கும் ஐசர் லெவிதானின் மனைவி. பிள்ளைகள் ஹோனே, ஷேப்செல்.’

"டேய் ஹோனே, உங்கம்மா ரெண்டாம் கல்யாணம் பண்ணத சொல்லவே இல்லையே. ஒரு வாய் சாராயம்கூட ஊத்தல," என்றான் லேஸர்.

மறுநாள் காலையிலேயே அந்த வரைபடம் போட்ட அலுவலகத்துக்குப் போனேன். லேஸரும் ஒட்டிக்கொண்டு வந்தான். ருகிலே என்ற லிதுவேனியப் பெண் நாற்காலி போட்டாள்.

"ஐசர் எங்கம்மாவுக்குப் புருஷன் இல்ல. எங்கப்பன பொனாரி காட்டுக்கு இழுத்துட்டுப் போய் சுட்டுட்டாங்க," என்றேன்.

"நாப்பத்திரெண்டாம் வருஷக் கணக்கெடுப்புல அப்படித்தான் இருக்குங்க ஐயா."

மஞ்சள் சீட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, படித்த பெண். ஆனாலும் சொன்னேன். சீட்டு வைத்திருந்த தொழிலாளி ஒரு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தன் பேரில் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் காட்டுக்கு. ஐசர் கட்டைப் பிரம்மச்சாரி. எங்கம்மாவை மனைவி என்று எழுதினான். தன் அண்ணன் செத்துப்போனதால் அவன் மகன் ஷேப்செலுக்கு ஓர் இடம். எனக்கு ஓர் இடம். என் அக்கா தோபாவுக்கு எட்டு வயது. அவளுக்கு இடமில்லை. அடுப்புக்குப் பின்னால் ஐசர் இன்னொரு சுவர் எழுப்பி அவளை உள்ளே வைத்தான். அவன் ரோமத்தோலைப் பிரம்பால் அடித்துத் தூசி தட்டும் சத்தத்தில் மட்டும் அவள் இருமுவாள், வெளியே கேட்காது. அதற்காகவே அவன் சுத்தமான தோலையும் அடித்துக்கொண்டிருப்பான்.

"ஜெர்மன்காரன ஏமாத்தச் சொன்ன பொய்யி அது. அவனுக்கப்புறம் அத நம்புன ஆளு நீதாம்மா."

அவள் முகம் சிவந்தது. "மனைவிங்கறத மாத்திடறேன்."

"அது கெடக்கட்டும். அந்த மனுசனுக்கு அந்த மரியாதை இருந்துட்டுப் போகுது. தோபாவப் போடு."

"அவங்க பேர்ல ஏதாவது காகிதம் இருக்குங்களா?"

"காகிதத்துல இல்லாததாலதான் ரெண்டு குளிர்காலம் உசுரோட இருந்தா."

கெட்டோவைக் காலி செய்த அன்றைக்குச் சுவரை இடித்து அவளை இழுத்துப் போனார்கள். எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் மிச்சம். நானும் போய்விட்டால் அவள் இருந்தாள் என்று சொல்ல ஆளில்லை.

"ஆதாரமில்லாம ஒரு பேரு சேத்தாலும், கொலையே நடக்கலன்னு சொல்றவங்க அத பிடிச்சுக்குவாங்க ஐயா."

"அவனுங்களுக்குப் பயந்து அவள மறுபடியும் சுவத்துக்குள்ள வைக்கிறியா?"

லேஸர் தொண்டையைச் செருமினான். சிரிக்கவில்லை. ருகிலே பெட்டிப் பக்கம் திரும்பினாள். பிறகு எதையோ தட்டினாள். வீட்டின் நடுவில் ஒரு வட்டம் வந்தது. மற்றவர்கள் எல்லாம் சிவப்புப் புள்ளி. இது உள்ளே வெறுமையாக இருந்தது. ‘தோபா. தம்பி சொன்னது.’

"எங்கக்கா மட்டும் ஓட்டையா?"

"இப்போதைக்கு என்னால முடிஞ்சது இதுதாங்க."

"நடுவுல இல்ல. வடக்குச் சுவரோரம், அடுப்புக்குப் பின்னால."

நகர்த்தினாள்.

"இன்னும்."

"இதுக்கு மேல நகத்துனா தெருவுக்கு வந்துடும் ஐயா."

"வரட்டும். ரெண்டு வருஷம் அவ வெளிய வந்ததே இல்ல."

ருகிலே வீட்டின் எல்லைக்கோட்டைப் பார்த்தாள். வட்டத்தைக் கோட்டுக்கு வெளியே இழுத்து விட்டாள்.

"போதுமாடா?" என்றான் லேஸர், படியில் இறங்கும்போது.

"போதாது. நாளைக்கு வேற ஒருத்தி வந்து உக்காருவா. இது என்ன தெருவுலன்னு உள்ள தள்ளிடுவா."

மேலிருந்து அந்தப் பெண் ஏதோ கூப்பிட்டுக் கேட்டாள். அக்காவுக்கு என்ன நிறத்தில் முடி என்பது போலக் காதில் விழுந்தது. "திங்கக்கெழம வந்து பாப்பேன், அங்கயே இருக்காளான்னு," என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, மழையில் இறங்கி நடந்தேன்.