பட்டியலில் இல்லாத வரி

அனந்தலக்ஷ்மி கணவரின் வலது கண்ணிமையைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள்.

"இதோ பாருங்கோ. தொண்டைல ட்யூப் போடலாமான்னு டாக்டர் கேக்கறா. வேணும்னா ஒரு தடவை கண்ணை மூடித் திறங்கோ."

கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டிருந்த சாப்பாட்டு மேஜையில், லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த மகள் அபூர்வா தலையைத் தூக்காமல் சொன்னாள். "இமையை நீயே பிடிச்சிண்டிருந்தா அப்பா எப்படிம்மா மூடுவார்?"

அனந்தலக்ஷ்மி விரலை எடுத்தாள். இமை தானாகவே இறங்கி மூடிக்கொண்டது. அது பதிலா, வெறும் சோர்வா என்று யாருக்கும் தெரியவில்லை. கால்மாட்டில் நின்று வெந்நீரில் துணியைப் பிழிந்துகொண்டிருந்த பொன்னி, "ஐயா களைச்சுப் போயிட்டாரு மாமி. செத்த நேரம் வுடுங்க" என்றாள். பகல் நேரத்தில் சதாசிவத்தைக் கவனித்துக்கொள்ள அவள் வந்து ஒன்றரை வருஷமாகிறது.

சதாசிவத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மத்திய அரசு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு ஃபைலில் போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போனது. பேனாவைக் குறை சொன்னார். அப்புறம் கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. நரம்பு வியாதி, மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் இந்த முன்னறைக்குக் கட்டிலை மாற்றியபோது தலையை ஆட்ட முடிந்தது. இப்போது கண்மணிகளும் கொஞ்சம் இமைகளும் மட்டும் அசைகின்றன.

காலையில் வீட்டுக்கு வந்த டாக்டர், ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிட்டது, மூக்கில் மாட்டியிருக்கும் மாஸ்க் இனிப் போதாது என்று சொன்னார். தொண்டையில் துளை போட்டு மெஷினில் வைப்பதானால் இன்று மாலைக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். வேண்டாமென்றால் இப்படியே வீட்டில் இருக்கட்டும், வலி தெரியாமல் இருக்க மருந்து தருகிறேன் என்றார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி ஹிந்தியில் சொன்னார்: "ட்யூப் போட்டால் திரும்ப எடுப்பது சுலபமில்லை. முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். அவரையே கேளுங்கள். அவருக்கு நினைவு நன்றாக இருக்கிறது."

அவர் போனதும் அனந்தலக்ஷ்மி பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்த எழுத்துகளை எடுத்து வந்தாள். ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டி, கண் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். பத்தரை மணிக்கு 'ப' வரிசையில் நின்றது. அந்த வரிசைக்குள் போய் 'போ' என்ற எழுத்தில் நின்றது. அதற்குமேல் கண் மூடிக்கொண்டது.

"போதும்ங்கறார்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

சிங்கப்பூரிலிருந்து ஃபோனில் இருந்த கௌஷிக், "போலாம்னு இருக்கக் கூடாதா? ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு?" என்றான்.

"முப்பத்தஞ்சு வருஷமா அவரோட இருக்கேன்டா."

"அதுக்காக? நீ ஊகிச்சு ஒரு மனுஷனை விட்டுட முடியுமாம்மா?"

அபூர்வா ஃபோனை வாங்கினாள். "யாரும் ஊகிக்க வேண்டாம்ணா. சாயங்காலத்துக்குள்ள அப்பாவே சொல்வார். பாக்ஸை நான் ரெடி பண்ணிடறேன்."

பாக்ஸ் என்று அவள் சொன்னது தலைமாட்டில் கம்பியில் தொங்கிய கருவியை. ஒரு கேமரா, ஒரு சிறிய திரை, சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் போர்டு. கண்மணி எந்த எழுத்தின்மேல் தங்குகிறதோ அந்த எழுத்தைத் திரையில் போடும். இமை முக்கால்வாசி இறங்கியிருந்தாலும் அதற்குத் தெரியும். ஒரு வருஷமாக சதாசிவம் அதில்தான் பேசினார். 'கால் அரிக்கறது.' 'கௌஷிக் ஃபோன் வந்ததா.' ஒருநாள், 'பொன்னிக்கு டீ குடுத்தேளா.' மூன்று வாரத்துக்கு முன் கரண்ட் எகிறிப் போர்டு கருகியது. செய்து கொடுத்த பெங்களூர்க் குழு எப்போதோ கலைந்துபோயிருந்தது.

அபூர்வா நேரு ப்ளேஸ் கம்ப்யூட்டர் கடைகளில் வேறு ஒரு போர்டு வாங்கி வந்தாள். புதிய ப்ராசஸர். அதில் இந்தக் கேமரா வேலை செய்ய வேண்டுமென்றால் கெர்னல் என்ற அடிப்படை நிரலை அவளே தொகுத்து பில்ட் பண்ண வேண்டும். மெஷின் விழித்ததும் முதலில் எழுந்து, மற்ற எல்லா நிரல்களுக்கும் இடம் கொடுத்து ஓட வைக்கிற நிரல் அது. அதைத் தயாரிக்கும் முன் நீளமான ஒரு பட்டியலில் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு 'ஆம்', 'இல்லை' என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். சில வரிகள் எல்லா மெஷினுக்கும் பொது. சில வரிகள் அந்தந்த ப்ராசஸர் வகைக்கு மட்டுமே உரியவை. குருகிராமில் எட்டு வருஷமாக அவளுடைய வேலையே இதுதான். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். இன்றோடு ஆறு நாள்.

புது போர்டில் கேமரா வேலை செய்தது. திரையும் வேலை செய்தது. கண்ணைப் படிக்கும் நிரல் மட்டும் ஓட மறுத்தது. அது பழைய முப்பத்திரண்டு பிட் நிரல். திருத்தி எழுத அதன் மூல நிரல் யாரிடமும் இல்லை. புது ப்ராசஸர் அறுபத்துநாலு பிட். பழையவற்றையும் ஓட விடு என்பதற்குப் பட்டியலில் ஒரு வரி உண்டு. அதை 'ஆம்' என்று குறித்தால் போதும். ஆனால் அபூர்வாவின் பட்டியலில் அந்த வரியே இல்லை. வேறு பதிப்பை எடுத்துப் பார்த்தாள். அதிலும் இல்லை. பழைய போர்டின் மெமரி கார்டிலிருந்து நிரல் பாதியாகத்தான் வந்திருக்கிறதோ என்று, அந்தக் குழுவில் இருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து மெயில் எழுதி, வேறு நகல் வாங்கினாள். அதுவும் ஓடவில்லை.

"சாப்பிட்டுட்டு உக்காரேன்டி" என்றாள் அம்மா.

"அச்சா, அப்புறம்."

"அவர் உன்னையே பாத்துண்டிருக்கார்."

"தெரியறதும்மா. இதோ ஆச்சு, கொஞ்சம் இரு."

அவளுக்கு உண்மையில் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்றரை மணி வாக்கில் அவள் பட்டியலை விட்டுவிட்டு, அதை உருவாக்கும் மூலக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். அந்த வரி அங்கே இருந்தது. அதன் கீழே ஒரு நிபந்தனையும் இருந்தது. நினைவகத்தை நாலு கிலோபைட் பக்கங்களாகப் பிரித்திருந்தால்தான் அந்த வரி பட்டியலில் தலைகாட்டும். அபூர்வா தன் பட்டியலில் பக்க அளவு எத்தனை கிலோபைட் என்று பார்த்தாள். அறுபத்துநாலு.

முதல் நாள் அவசரத்தில், எல்லாவற்றையும் புதிதாகக் குறிக்க நேரமில்லை என்று ஆபீஸின் பெரிய சர்வர்களுக்கான கோப்பை அப்படியே நகலெடுத்திருந்தாள். அதில் அறுபத்துநாலு என்று மாற்றியவளும் அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால். மெஷின்கள் வேகமாக ஓடுகின்றன என்று அதற்காக ஆபீஸில் கேக் வெட்டினார்கள். வேறு யாராவது இப்படிச் செய்துவிட்டு வந்து கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பாள்.

அவள் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும். பொன்னி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, கெடச்சிடுச்சா?"

"கெடச்சுது. என் தப்புதான். முதல் நாளே பாத்திருக்கணும்."

"சரியாயிடுமா?"

"நாப்பது நிமிஷம். முழுசா மறுபடி பில்ட் ஆகணும்."

பக்க அளவை மாற்றினாள். காணாமல் போயிருந்த வரி உடனே பட்டியலில் வந்து நின்றது. 'ஆம்' என்று குறித்து ஓட விட்டாள். லேப்டாப்பின் விசிறி இரைய ஆரம்பித்தது. கறுப்புத் திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறின.

"அபூர்வா, இங்க வந்து உக்காரு. அப்பா கையைப் பிடிச்சுக்கோ" என்றாள் அம்மா.

"இது முடியட்டும்மா."

முடிகிறவரை அவள் செய்ய ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருப்பதால் அது வேகமாக ஓடாது என்பதும் தெரியும். ஆனால் திரும்பினால் அப்பாவின் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆறு நாளும் அந்தக் கண்ணை அவள் கேமராவின் வழியாகத்தான் பார்த்தாள். சின்னத் திரையில் சாம்பல் நிறத்தில், நடுவில் கறுப்பு வட்டத்தோடு, ஒரு கை அகலத்துக்குப் பெரிதாக. அந்தக் கண் அவளுக்குப் பழகிவிட்டது. அது எதையும் கேட்கவில்லை.

இருபது நிமிஷம் ஆயிற்று. சும்மா இருக்க முடியாமல் எழுந்து கேமராவின் பக்கம் போனாள். பில்ட் முடிந்ததும் நேரம் வீணாகாமல் தொடங்க வேண்டும்.

"அம்மா, இமையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. ஃபோகஸ் பண்ணிடறேன்."

அனந்தலக்ஷ்மி விரலை வைத்துத் தூக்கினாள். திரையில் கண் வந்தது. அபூர்வா கேமராவின் வளையத்தை மெல்லத் திருப்பினாள். வழக்கமாகக் கண்மணி நடுங்கும்; படம் கலங்கிக் கலங்கித் தெளியும். இன்று ஒரே திருப்பில் தெளிந்தது. விழிப்படலத்தின் ரேகைகள்கூடத் தெரிந்தன. கறுப்பு வட்டம் பெரிதாக, நேர்த்தியாக, நடுவில் நின்றது.

"பாத்தியாம்மா? பர்ஃபெக்ட். ஆறு நாள்ல இப்படி வந்ததே இல்லை."

அம்மா இமையைப் பிடித்த விரலை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்க் மெஷின் காற்றை உள்ளே தள்ளியபடி இருந்தது. மார்பு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த பொன்னி கையை நிறுத்தினாள். கணுக்காலைத் தொட்டாள். எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

"பாப்பா" என்றாள். "அந்த மெசின நிறுத்து."

"எதை?"

"காத்து மெசின."

அபூர்வா நிறுத்தினாள். மார்பு ஒரு தடவை இறங்கியது. அவ்வளவுதான். லேப்டாப்பின் விசிறிச் சத்தம் மட்டும் அறையில் கேட்டது.

அனந்தலக்ஷ்மி விரலை எடுத்தாள். இமை பாதியில் நின்றது. அவளே அதை இறக்கி மூடினாள்.

பக்கத்து டிஸ்பென்சரியிலிருந்து வேறு ஒரு டாக்டர் வந்து பார்த்து, இரண்டு மணி பத்து நிமிஷம் என்று எழுதினார். அந்த நேரத்தை அவரிடம் சொன்னது பொன்னி. அபூர்வாவைக் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. தான் கேமரா வளையத்தைத் திருப்பியது அதற்கு முன்பா பின்பா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடை வரவில்லை. பிறகு அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டிலைச் சுற்றி இடம் வேண்டியிருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் சாப்பாட்டு மேஜையைத் தூக்கிப் பால்கனியில் போட்டார்கள். லேப்டாப்பும் ஒயர்களும் அதன்மேலேயே போயின. பில்ட் எப்போது முடிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

கௌஷிக் ஃபோனில் அழுதான். காலை ஆறு மணிக்கு டில்லியில் இறங்கிவிடுவேன் என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "கடைசில ஏதாவது சொன்னாராடி? பாக்ஸ் வேலை செஞ்சுதா?"

அபூர்வா வாயைத் திறந்தாள். அனந்தலக்ஷ்மி கையை நீட்டி அவளிடமிருந்து ஃபோனை வாங்கினாள்.

"செஞ்சுது. போதும்னு சொன்னார்டா. முழுசா எழுதினார். நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்."

ஸ்பீக்கரில் கௌஷிக்கின் குரல் வந்தது. "அபூர்வா? நீ பாத்தியா?"

அம்மா மகளைப் பார்க்கவில்லை. புடவை முந்தானையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்ணா" என்றாள் அபூர்வா.

"சரி" என்றான் கௌஷிக். கொஞ்சம் கழித்து மறுபடியும், "சரிம்மா" என்றான்.

ஃபோனை வைத்துவிட்டு அனந்தலக்ஷ்மி வெந்நீர் போடப் போனாள். பொன்னியும் அபூர்வாவும் சேர்ந்து சதாசிவத்தைத் துடைத்தார்கள். அவர் முதுகை இத்தனை நாள் யார் எப்படித் திருப்பினார்கள் என்று அபூர்வா கவனித்ததே இல்லை. பொன்னி சொல்லச் சொல்ல, தோளுக்கடியில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். கனமாக இருந்தார். வேட்டி மாற்றினார்கள். பொன்னி தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினாள்.

பொன்னி வீட்டுக்குக் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. அவள் கிளம்பவில்லை. குளிர்பெட்டி வர ஏழு மணியாகும் என்று கீழ்வீட்டுக்காரர் வந்து சொன்னபோது, அவள் சுவரோரம் எரிந்துகொண்டிருந்த ரூம் ஹீட்டரைப் பார்த்தாள். அவருக்குக் குளிர் ஆகாது என்று இரண்டு குளிர்காலமாக அதை யாரும் அணைத்ததில்லை.

"மாமி, இத நிறுத்திடலாங்களா? அறை சூடா இருக்கக் கூடாது. நாளைக்கிக் காலம்பர வரைக்கும் வெச்சிருக்கணுமே."

அனந்தலக்ஷ்மி தலையை ஆட்டினாள். பொன்னி ஸ்விட்சை அணைத்தாள். சிவந்திருந்த கம்பி மெதுவாகக் கறுத்தது. ஜன்னல் இடுக்குகளில் அடைத்திருந்த பழைய துணிகளை உருவி எடுத்துவிட்டு, இரண்டு ஜன்னலையும் பால்கனிக் கதவையும் விரியத் திறந்தாள். ஜனவரி மாதத்துப் பனி உள்ளே வந்தது. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

அபூர்வா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நேரம் போயிற்று. வெளியே வெளிச்சம் இறங்கியது. அறையும் வெளியைப் போலவே குளிர்ந்துபோயிற்று.

"ஷாலை எடுத்துப் போத்திக்கோடி. குளிர்றது" என்றாள் அனந்தலக்ஷ்மி. சொல்லும்போது அவள் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்து கலைந்தது.

"உனக்கு?" என்றாள் அபூர்வா. அவளுக்கும் வந்தது.

"எனக்கும் எடுத்துண்டு வா."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பொன்னி, உள்ளங்கைகளை வாயருகே கொண்டுபோய் ஊதித் தேய்த்துக்கொண்டாள்.