உதட்டுச்சாயம் எடுத்தவள்

பாதித் துணிக்கு ஓடிய கத்தரி நடுவழியில் நின்றுவிட்டது. அந்தத் திரைச்சீலைக் கடையில் அது நடக்காத காரியம். எல்லோரும் அவளைக் கத்தரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் இருப்பதும் கத்தரி, வாயில் இருப்பதும் கத்தரி. இரண்டில் எது கூர் அதிகம் என்று முதலாளியே இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. வெட்டும் மேசையில் அளவுகோலுக்கு முட்டுக்கொடுத்து போனை நிறுத்தி வைத்துப் பாட்டுக் கேட்டபடி வெட்டுவது அவள் வழக்கம். பாட்டை நடுவில் அறுத்துக்கொண்டு விளம்பரம் வந்தால் போனின் பக்கமே திரும்பமாட்டாள். அன்றைக்குத் திரும்பினாள்.

பொம்மைப் படம்தான். ஓட்டை விழுந்த கூரை, கீழே தொட்டில், தொட்டிலில் குழந்தை. கூரையிலிருந்து நேராகக் குழந்தையின் நெஞ்சில் தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்தில் தாய் தலையில் கைவைத்து நிற்கிறாள். சுவரில் வளைந்த பிடி வைத்த குடை ஒன்று தொங்குகிறது. அலமாரியில் உதட்டுச்சாயம் ஒன்று. ‘எதை எடுப்பாள்?’ என்று எழுத்து மின்னுகிறது. எங்கிருந்தோ ஒரு விரல் வருகிறது. குடைக்குப் பக்கத்தில் போகிறது, தயங்குகிறது, திரும்பி உதட்டுச்சாயத்தைத் தொடுகிறது. அந்த மகராசி உதட்டில் சாயம் பூசிக்கொண்டு சிரிக்கிறாள். குழந்தை நீலம் பாரிக்கிறது. ‘தோல்வி’ என்று சிவப்பில் விழுகிறது.

“அடிப்பாவி,” என்றாள் கத்தரியக்கா.

“அக்கா, துணி கோணலாப் போகுது,” என்றார் மெஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரர்.

“துணி கிடக்கட்டும். இங்க ஒரு புள்ள சாகுது.”

கத்தரியை வைத்துவிட்டு ஆள்காட்டி விரலால் குடையைத் தொட்டாள். குடை அசையவில்லை, அந்த விளம்பரத்து விளையாட்டுதான் போனுக்குள் இறங்கி உட்கார்ந்தது. சரி, உள்ளே அந்த வீடு இருக்கும், போய்க் குழந்தையைத் தூக்கிவிடலாம் என்று திறந்தாள். உள்ளே வீடு இல்லை, தாய் இல்லை, தொட்டில் இல்லை. சிவப்பு மணி, பச்சை மணி, மஞ்சள் மணி. ஒரே நிறத்தை ஒரே வரிசையில் சேர்த்தால் வெடிக்கும், மறுபடி மணி கொட்டும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

தையல்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “இதுவா? எங்க வீட்டுலயும் இருக்கு. எனக்கு வந்த விளம்பரத்துல ஒரு ராஜா தண்ணில முழுகுவாரு. காப்பாத்தலாம்னு போனேன். ராஜாவும் இல்ல, தண்ணியும் இல்ல. என் பொண்ணுக்கு வந்தது வேற. ‘நூத்துல ஒருத்தராலதான் முடியும்’னு போட்டிருந்தான். அவ மானப் பிரச்சினைன்னு இறக்கிட்டா. உள்ள எல்லாருக்கும் இதே மணிதான்.”

“காட்டுறது ஒண்ணு, கட்டுறது ஒண்ணா?”

“ஓசிதானேக்கா. விடுங்க.”

அவளால் விட முடியவில்லை. வாடிக்கையாளர் விரலால் தடவிப் பார்த்த துண்டு எதுவோ, அதையே கத்தரித்துப் பார்சலின் மேல் குண்டூசியால் குத்தி அனுப்புவது அவள் முறை. வீட்டுக்குப் போய் இரண்டையும் ஒட்டிப் பார்க்கட்டும், நூல் மாறியிருந்தால் வந்து முகத்தில் எறியட்டும் என்பாள். ஒருத்தரும் எறிந்ததில்லை. கடைவீதியில் பொய் சொல்லாமல் வியாபாரம் நடக்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ‘உங்க நிறத்துக்கு இந்தத் திரை எடுப்பா இருக்கும்’ என்று, திரைக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்காமலே தினமும் சொல்கிறவள்தான். ஆனால் பொய்யை வாயால் சொல்லலாம், சரக்கில் செய்யக் கூடாது. அது வேறு ஜாதிப் பாவம்.

இருந்தும் மணிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கோபம்தான் காரணம். எங்கேயாவது ஒரு கட்டத்தில் அந்த வீடு வரும், வந்ததும் அந்தப் பொம்பளையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குடையை எடுக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம். பஸ்ஸில் அடுக்கினாள், அடுப்பில் உலை கொதிக்கும்போது அடுக்கினாள். வீடு வரவில்லை. மணிகளுக்கு நடுவில் அதே விளம்பரம்தான் வந்தது. அந்த முறை படத்தை விரலால் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

குடையின் நுனியில் ஒரு துணி நாடா கட்டியிருந்தது.

போனைக் கண்ணுக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள். குடை நுனியில் நாடா கட்டுகிற பைத்தியம் உலகத்தில் யார்? தனக்குத் தெரிந்து ஒருத்திதான். தாலி கட்டினவன் வேறு வழி பார்த்துக்கொண்டு ஓடிப்போன அந்த வருஷம், ஒரே அறை வீடு, பெருமழை. தொட்டிலை நகர்த்த இடமில்லை. நகர்த்தினால் அங்கேயும் ஒழுகும். விரித்த குடையைத் தலைகீழாக, பிடியின் வளைவால் உத்தரத்தில் மாட்டினாள். தொட்டிலுக்கு மேலே குடை கிண்ணம்போலத் தண்ணீரை வாங்கிக்கொண்டது. நுனி வழியாக ஒழுகுமே? பாவாடை நாடாவை உருவி நுனியில் கட்டி, மறுமுனையை ஓரத்து வாளிக்குள் இழுத்து விட்டாள். தண்ணீர் நாடாவைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக வாளிக்குப் போனது. விடியும்வரை குழந்தைமேல் ஒரு சொட்டு விழவில்லை. அவள் வாழ்க்கையில் யாரும் பாராட்டாமல் போன ஒரே கெட்டிக்காரத்தனம் அது.

அந்தக் குழந்தை இப்போது ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை செய்கிறது. ‘கம்ப்யூட்டர்ல படம் போடுற வேலை’ என்று கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கத்தரியக்கா போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “இது யார் போட்ட படம்?”

மகள் பார்த்தாள். கத்தி நிற்கவில்லை. “என் டீம்தான்மா.”

“டீமுக்கு நாடா எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“தொட்டில்ல கிடந்தது நான்மா. அது என் கதையும்தானே.”

கத்தரியக்காவுக்குக் கோபம் இன்னொரு படி ஏறியது. “உன் கதைதான். வச்சுக்க. அதுல நான் எப்படி உதட்டுச்சாயம் எடுத்தேன்? சொல்லுடி. எந்தக் காலத்துல எங்கிட்ட அது இருந்துச்சு?”

“சரியா எடுத்தா யாரும் விளையாட்டை இறக்க மாட்டாங்கம்மா.” மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம்தான். பிறகு கடையில் புதிதாகச் சேர்ந்தவளுக்குத் துணி வகை சொல்லித் தருவதுபோல நிதானமாகச் சொன்னாள். “சின்னப் பசங்கன்னா சவால் விடணும். உன்னால முடியாதுன்னு சொன்னாப் போதும். என் வயசுக்காரங்க நாள் முழுக்க வேலை பார்த்துட்டு வர்றாங்க. எதையாவது அடுக்கி வச்சா நிம்மதி, அவங்களுக்கு ஒழுங்கு காட்டணும். ரிட்டயர் ஆனவங்களுக்கு மூளை மங்காதுன்னு சொல்லணும்.”

“என் வயசுக்காரிக்கு?”

மகள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“சொல்லு. நானும்தானே இறக்கினேன்.”

“கோபம் வரணும். கண்ணு முன்னாடி ஒருத்தி தப்பாச் செய்யணும். ‘தள்ளுடி, நான் பார்த்துக்கிறேன்’னு கை தானா வரும்.”

கை தானாகத்தான் வந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஏமாந்ததுகூடப் பரவாயில்லை; நாட்டில் யார்தான் ஏமாறவில்லை. நியாயமாக வந்த கோபம் என்று நினைத்து மார்பில் தாங்கிக்கொண்டிருந்ததை, இங்கே அளவெடுத்து, வெட்டி, ஓரம் தைத்து வைத்திருக்கிறார்கள்.

“என் வயித்தெரிச்சல்ல அடுப்பு மூட்டிச் சோறு வடிச்சிருக்க.”

“நீ மட்டும்? அந்தக் குடைக் கதையைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேருக்கு மழைத்திரை வித்திருப்ப? மேசைக்கு அடியில உக்காந்து கேட்டுக்கிட்டுதானே வளர்ந்தேன். எந்த இடத்துல குரல் இறக்குவன்னுகூட எனக்குத் தெரியும்.”

“வித்தேன். கதையைக் கேட்டவ கையில துணி குடுத்தேன். நீ என்ன குடுத்த? மணி.”

வாதம் அதற்குமேல் நகரவில்லை. பேரம் தொடங்கியது, அந்த வீட்டில் எது முட்டி நின்றாலும் பேரத்தில்தான் முடியும். குடையைச் சரியாக எடுக்கிற மாதிரி இன்னொரு படம் செய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆட்களுக்குக் காட்டு என்றாள் தாய். நல்ல துணி எப்படியும் விற்கும். விற்காது என்றாள் மகள். ஆபீஸில் அப்படி ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. புதுப் படம் ஜெயித்தால் பழையதை எடுத்துவிடச் சொல்வதாக ஒப்புக்கொண்டாள்.

“ஆனா தோத்தா, நீ அந்தக் கதையை இனிமே எங்கயும் சொல்லக் கூடாது. கடையிலயும்தான். அது எங்க கம்பெனிக்குச் சொந்தம்.”

“என்னோட கதையவா?”

“நல்ல துணி விக்கும்னு நீதானே சொன்ன.”

தாய் கையை நீட்டினாள். கைமேல் கை விழுந்தது. தான் கைகொடுத்த பேச்சை ஒருநாளும் மாற்றினதில்லை என்பது அவளுடைய இன்னொரு பெருமை.

ஆபீஸ் அறை குளிராக இருந்தது. நீள மேசை, ஆளுக்கொரு போன். போன்களையும் விரல்களையும் பார்த்தபடி மூலையில் ஒரு கேமரா முக்காலியில் நின்றது. அதன் பக்கத்தில் மகளும், அவளுடைய மேலாளரும். மேலாளர் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அப்படிப்பட்டவர்களைக் கடைவீதியில் கண்டால் கத்தரியக்கா விலையைக் கூட்டித்தான் சொல்வாள். மேசையைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடப் பெண், உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞன், வங்கியில் வேலை செய்யும் அம்மாள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கத்தரியக்கா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி.

முதலில் நல்ல படம் வந்தது. பொம்மைத் தாய் குடையை எடுத்து உத்தரத்தில் மாட்டினாள். நாடாவை இழுத்து வாளியில் விட்டாள். மகள் அதை அக்கறையாகத்தான் செய்திருந்தாள். தண்ணீர் நாடாவில் வழிகிற விதம்கூட அப்படியே இருந்தது. கத்தரியக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“நல்லாருக்கு,” என்றார் வாத்தியார். வங்கி அம்மாள் “பாவம்” என்றாள். இளைஞன் கொட்டாவி விட்டான். நான்கு விரல்களும் படத்தைத் தள்ளிவிட்டுப் போய்விட்டன. அவ்வளவுதான். நல்லவளுக்கு ஒரு கொட்டாவி.

அடுத்தது வந்தது.

“ஐயையே,” என்றாள் பள்ளிக்கூடப் பெண். “இதுகூடத் தெரியலையா? நான் ஒரு செகண்ட்ல முடிப்பேன்.” தொட்டாள். இளைஞன் லிப்ஸ்டிக்கைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்து, அடுத்து என்ன கூத்தடிப்பாள் என்று பார்க்கத் தொட்டான். வங்கி அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, திரை உடைகிற மாதிரி குத்தினாள். வாத்தியார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகத் தொட்டார்.

“இவளையெல்லாம் நிக்கவச்சு அறையணும்,” என்றார். “இவளும் ஒரு தாயா?”

மேலாளர் திருப்தியாகத் தலையாட்டினார். மகள் தாயைப் பார்க்கவில்லை. பேரம் முடிந்துவிட்டது, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை. கத்தரியக்கா எழுந்தாள். செருப்பு காலில் ஏறவில்லை.

“அந்தப் பொம்பள நான்தாங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். “அம்மா,” என்றாள் மகள், மெதுவாக.

“அது நான். ஆனா உதட்டுச்சாயம் எடுக்கல. வாங்கக் காசும் இல்ல, பூசிக்கிட்டா பாக்க ஆளும் இல்ல. புள்ளைய விட்டுட்டு எவ உதட்டையோ பாத்தவன் வேற ஆளு, அவன் கதவைத் திறந்துக்கிட்டுப் போயி ரொம்ப நாளாச்சு. அவனைப் படம் போடல பாருங்க. என்னையத்தான் போட்டிருக்காங்க. நீங்க அறையணும்னா வந்து அறைங்க, வாத்தியாரே. ஆனா முதல்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டு அறைங்க.”

வாத்தியார் போனை மேசைமேல் கவனமாக வைத்தார், அது சூடாக இருப்பதுபோல.

அவள் சொல்லத் தொடங்கினாள். கடையில் சொல்கிற மாதிரி அல்ல; இடம் பார்த்துக் குரல் இறக்கவில்லை. கொடுத்த கையை மீறுகிறோம் என்று தெரிந்தே சொன்னாள். எந்தக் கூரை, எந்த மழை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி யாரும் திறக்காமல் திரும்பியது, கடையில் அதுவரை சொல்லாத அதையும் சொன்னாள். ஒவ்வொரு போனாகக் கீழே இறங்கியது. இளைஞன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். வங்கி அம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

“குடையை மாட்டிட்டேன். ஆனா தண்ணி நுனி வழியா இறங்குது. அப்ப அந்த நுனியில…”

மேலாளர் மகளின் காதருகில் குனிந்து ஏதோ சொல்வது அவள் கண்ணில் பட்டது. சொல்லிவிட்டு அவர் கேமராவைக் காட்டினார். பிறகு, மிக மரியாதையாக, அவளைக் காட்டினார்.

கத்தரியக்கா நிறுத்திவிட்டாள்.

“நுனியில என்ன, ஆன்ட்டி?” என்றாள் பள்ளிக்கூடப் பெண். வாத்தியாரும் முன்னால் சாய்ந்தார். “அப்புறம் என்னம்மா ஆச்சு?”

அவள் வாயைத் திறக்கவில்லை. மேசைமேல் யாரும் தொடாமல் கிடந்த போன்களில் படம் தானாகவே திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நான்கு கூரைகளும் ஒழுகின, நான்கு குழந்தைகளும் நீலமாயின. கேமராவின் கண் இன்னும் யாரும் கவனிக்காத அந்த மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் எழுந்து அதன் பக்கத்தில் நின்றாள். அவள் கை கேமராவின் கழுத்தைப் பிடித்திருந்தது. கேமராவைத் தாயின் பக்கம் திருப்பவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. அந்தக் கையைத்தான் தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.