உப்புக் கூடிப்போச்சு

தை மாதம் வந்த காய்ச்சல் என்னைப் பதினொரு நாள் கிடத்திவிட்டுப் போனது. போகும்போது என் நாக்கின் ருசியையும் கொண்டுபோய்விட்டது. எழும்பிய அன்று ஆசையாகக் கோப்பி போட்டுக் குடித்தேன், வெறும் சுடுதண்ணீர். சீனியை அள்ளி வாயில் போட்டேன், மணல். உப்புக் கல்லை வைத்துப் பார்த்தேன், அதுவும் மணல்தான். பச்சை மிளகாயைக் கடித்தபோது மட்டும் சுட்டது. சுட்டதே தவிர, மிளகாய் என்று தெரியவில்லை.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல ஆளிருந்தால்தானே. வெள்ளைக்காரக் கப்பற்படை திருகோணமலையை விட்டுப் போன வருடம்தான் என் புருஷன் பஸ்தியாம்பிள்ளையும் போனார். டொக்யார்டில் வேலை போன கவலை பாதி, சாராயம் பாதி. பிள்ளை குட்டி இல்லை. அவர் விட்டுப்போன சொத்து, சமையல் குசினிக்குப் பின்னால் ஓர் அடுக்கு வெறும் சாராயப் போத்தல். மாதா கோயில் பெண்களோடு எனக்கு ஒத்துவராது; எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாக்குச் செத்துப்போச்சு என்று அவர்களிடம் சொல்லியிருந்தால், "மக்டலினுக்கு வேணும்" என்று பூசை முடியும் வரை சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆனால் வாயை மூடிக்கொண்டதற்கு உண்மையான காரணம் அவர்கள் இல்லை. பக்கத்து வீட்டு றுக்கியா.

றுக்கியா, குடாவுக்கு அந்தப்பக்கம் கிண்ணியாக்காரி. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்தபோது, அங்கே முஸ்லிம் ஆட்களின் வழக்கப்படி தான் இருந்த வீட்டையே மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, புருஷன் ஸெய்னுதீனோடு எங்கள் ஒழுங்கைச் சந்துக்கு வாடகைக்கு வந்தவள். ஸெய்னுதீன் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. விடிய முதல் போனால் பொழுதுபடத்தான் வருவார். அவளுடைய தம்பி அபூதாஹிருக்குச் சந்தையில் மரக்கறிக் கடை. விற்காமல் தேங்குகிற தக்காளி, கத்தரி, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் மத்தியானத்துக்குப் பிறகு கைவண்டியில் அக்காவின் வாசலில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவான். அவள் கத்தரியை அரிந்து வத்தல் போடுவாள். மிளகாயை மோரில் ஊறவைத்துப் பாயில் காயவிடுவாள். மிச்சத்தில் ஊறுகாய் மாதிரி அச்சாறு போடுவாள்.

ஒரு தரத்துக்கு ஒரு சட்டி, பன்னிரண்டு போத்தல். அதற்கு மேல் ஒரு கரண்டி கூடப் போடமாட்டாள்.

"பெரிய கிடாரத்தில வைச்சால் ஒரே வேலையாய் முடியுமே" என்று ஒருநாள் சொன்னேன்.

"சட்டி பெரிசானா கைக்குக் கணக்குத் தெரியாது அக்கா" என்றாள்.

போத்தல் சேர்ப்பது என் வேலை. பங்களா வீடுகளில் ஹோர்லிக்ஸ் போத்தலும் ஜாம் போத்தலும் வாங்கிவந்து, அவித்து, வெயிலில் கவிழ்த்துக் கொடுப்பேன். பஸ்தியாம்பிள்ளையின் சாராயப் போத்தல்களை எத்தனை தரம் அவித்தாலும் றுக்கியா தொடமாட்டாள், ஹராம் ஹராம்தான். மனிதர் செத்தும் உதவவில்லை.

போத்தலுக்கு வருடம் முழுதும் நான் வேண்டும். நாக்குக்கு நோன்பு மாதத்தில் மட்டும் வேண்டும். நோன்போடு உப்புப் பார்க்க ஏலாது என்று, காலை பத்து மணிக்கு வேலியில் இருந்த பொட்டு, அந்த ஓட்டைக்குள்ளால் ஒரு கோப்பையும் கரண்டியும் நீளும்.

"அக்கா, உப்புப் பாருங்க."

அவள் வந்த முதல் நோன்பிலும் அடுத்த நோன்பிலும் நான் ஒழுங்காகப் பார்த்துச் சொன்னேன். அந்த இரண்டு மாதமும் காலை பத்து மணிக்கு முகம் கழுவி, தலை சீவி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு இருந்தேன் என்றால் நம்புவீர்களா? கோயிலுக்குப் போகவும் நான் அப்படி வெளிக்கிடுவதில்லை.

மூன்றாவது நோன்பு 1960ஆம் ஆண்டு. அந்த வருடம் அவர்களுடைய நோன்பும் எங்களுடைய நாற்பது நாள் தபசு காலமும் ஒரே கிழமையில் தொடங்கின. மாரி நன்றாகப் பெய்து கிண்ணியாத் தோட்டங்கள் காய்த்துத் தள்ளின. படகுப் பாதையில் சாக்குச் சாக்காக வந்த தக்காளியை வாங்க ஆளில்லாமல் சந்தையில் மாடுகளுக்குக் கொட்டினார்கள். அபூதாஹிர் ஒருநாளைக்கு இரண்டு தரம் வண்டி தள்ளினான். பெருந்தெருவில் பாக்கியரத்தினத்தின் பலசரக்குக் கடையில் றுக்கியாவின் அச்சாறை முதல் முறையாக வாங்கி அடுக்கச் சம்மதித்திருந்தார்கள். அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

முதல் நாள் கோப்பை நீண்டது. நாக்கில் வைத்தேன். மணல்.

அந்த நேரமே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் ஒழுங்கைக் கடைசியில் இருக்கும் பூரணியைக் கூப்பிடுவாள். பூரணிக்கு நாக்கும் இருக்கிறது, புருஷனும் இருக்கிறான், ஆறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்குக் காலை பத்து மணி ஒன்றுதான் இருந்தது. "சரி" என்றேன்.

அது பெரிய பொய்யாக எனக்குப் படவில்லை. றுக்கியாவின் கை தவறாது. நிலாவெளி உப்பைப் பிடியாக அள்ளிப் போட்டால் தராசு தோற்றுப்போகும். நான் பார்ப்பதெல்லாம் ஒரு சடங்குதான். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் "சரி" என்றேன். அவளும் "சரி அக்கா" என்று கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போன பிறகு அடுத்த நாள் பத்து மணி வரைக்கும் வீட்டில் என் செருப்புச் சத்தம்தான்.

நாலாம் நாள் என் வாயிலிருந்து தானாக வந்தது: "உப்புக் கூடிப்போச்சு."

றுக்கியா திகைத்துப் போனாள். "கூடிட்டா? என்ட கைக்கா?" என்று சட்டியையே தூக்கிக்கொண்டு என் வளவுக்குள் வந்துவிட்டாள். குசினிப் படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இன்னும் பதினைந்து தக்காளி அரிந்து போட்டோம். கிண்டியபடியே மகளின் கதை, மருமகனின் கதை, கிண்ணியாவில் அவள் வீட்டு முற்றத்து மாமரத்தின் கதை எல்லாம் சொன்னாள். நான் பாதிரியாரைப் போல நடந்து காட்ட, நோன்போடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் தரம் உப்புப் பார்த்து "இப்ப சரி" என்றபோது பன்னிரண்டு மணி அடித்தது.

இரண்டு மணித்தியாலம்! அன்று நான் பாட்டுப் பாடிக்கொண்டு போத்தல் அவித்தேன்.

பிறகு என்ன, ருசி கண்ட பூனைதான். ஒருநாள் விட்டு ஒருநாள் உப்புக் கூடியது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் தன் கையை நொந்துகொண்டு, சட்டியோடு வந்து, மேலும் தக்காளியும் கத்தரியும் அரிந்து போட்டாள்.

பதின்மூன்றாம் நோன்பன்று பாக்கியரத்தினத்தின் கடையிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. போத்தல்கள் நுரை தள்ளியிருந்தன. இரண்டு மூடிகள் கழன்று, கடைச் சுவரெல்லாம் தெறித்ததாம். றுக்கியா பெட்டியைத் திறந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். அதைப் பார்த்துத்தான், நாற்றம் அடிக்கிறது என்று விளங்கி நானும் பொத்தினேன்.

"உப்புக் குறைஞ்சுதான் புளிச்சிருக்கு" என்றாள். பிறகு தானே தலையை ஆட்டினாள். "நீங்க பார்த்துச் சொன்னதுதானே. உப்பில்ல, தக்காளிதான் அழுகல்."

அன்று பின்னேரம் வண்டியோடு வந்த அபூதாஹிரை வாசலில் நிறுத்தி வைத்துக் கிழித்தாள். "அழுகினதக் கொண்டந்து கொட்ட என்ட வீடு என்ன குப்பையா?" அவனுக்கும் ரோஷம் வந்தது. "மாட்டுக்குப் போட்டா அது நன்றியோட தின்னும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். மறுநாள் வரவில்லை. றுக்கியா சட்டியைக் கழுவி வேலியோரம் கவிழ்த்து வைத்தாள்.

"இனி இது என்ட கைக்கு வேணாம் அக்கா" என்றாள்.

இரண்டு நாள் அந்தக் கவிழ்த்த சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போனேன். செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய நல்ல காலம்தான். ஆனால் பாதிரியார் மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிடுவார். றுக்கியா விடமாட்டாள். அதனால் கோயிலிலிருந்து நேரே வேலிப் பொட்டுக்குப் போனேன்.

"றுக்கியா, தக்காளி அழுகலில்லை. உங்கட கையிலயும் பிழை இல்லை. எனக்கு நாக்குச் செத்துப்போச்சு. உப்புத் தெரியாது, புளி தெரியாது, ஒண்டும் தெரியாது."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "எப்ப இருந்து?"

"தையில வந்த காய்ச்சலோட."

"அப்ப இந்த முறை முதல் நாள் நோன்பில இருந்தே பொய்."

"ஓம்."

"தெரியாட்டிச் சரியெண்டு சொல்லியிருக்கலாமே. கூடிப்போச்சு எண்டு ஏன் சொன்னீங்க?"

அதற்கு ஒரு நல்ல பொய் என்னிடம் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. "சரி எண்டால் நீங்கள் போயிடுவீங்கள்" என்றேன்.

றுக்கியா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் அபூதாஹிரின் வண்டிச் சத்தம் கேட்டது. அக்கா தம்பி சமாதானம். நல்லது. காலை பத்து மணி வந்தது, போனது. நான் பழக்க தோஷத்தில் தலை சீவியிருந்தேன். அதற்கடுத்த நாளும் சீவினேன். மூன்றாம் நாள் சீவவில்லை. ருசி போனது ஒரு பக்கம். சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, இதை யாருக்காகத் தின்கிறேன் என்று அழுதேன். பஸ்தியாம்பிள்ளை செத்தபோதும் நான் அப்படி அழவில்லை. அவர் மேல் கோபம் இருந்தது. இப்போது கோபப்பட என்னைத் தவிர ஆளில்லை.

ஆறாம் நாள் பொழுதுபட்டு, பள்ளிவாசலில் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில், வேலிக்கு அந்தப்பக்கம் கரண்டி சட்டியில் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். றுக்கியா நோன்பு திறந்துவிட்டு, விளக்கடியில் சட்டியை வைத்து, கரண்டியை வாயில் வைத்துத் தானே உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து, ஒரு சிட்டிகை போட்டு, மூடினாள். அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை.

அன்று முழுக்க எனக்குத் தோன்றாதது அப்போது தோன்றியது. இரண்டு வருடமாகத் தோன்றாதது.

அடுத்த நாள் மாலை நான் வேலிப் பொட்டுக்குள் தலையை விட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தெரியாது. "நோன்பு திறந்த பிறகு நீங்களே உப்புப் பார்க்கலாம் எண்டால், இவ்வளவு காலமும் என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

றுக்கியா போத்தல் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பகல்லயும் பார்க்கலாம்" என்றாள். "நாக்கு நுனியில வெச்சிட்டுத் துப்பினாக் காணும், நோன்பு முறியாது எண்டு பள்ளி லெப்பை எப்பவோ சொல்லிட்டார்."

"பிறகு ஏன்?"

"விடிஞ்சா அவர் போயிடுவார். வீட்டையும் மகளுக்குக் குடுத்திட்டு வந்திட்டன். பகலெல்லாம் இந்த வீட்டுல நான் ஆரோட கதைக்கிற, செவரோடயா?" போத்தலை ஓங்கி வைத்தாள். "போத்தலத் தந்திட்டு நீங்க போயிடுவீங்க. நோன்பு மாசம் வந்தாத்தான் எனக்கு உங்களக் கூப்பிட ஒரு சாட்டு. நீங்க அதையும் பொய்யாக்கிட்டீங்க எண்டு கோவம் வந்திச்சு."

நான் பொட்டுக்குள்ளால் கையை நீட்டி, துடைக்காத போத்தல் ஒன்றை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

"பிறகு யோசிச்சன்" என்றாள். "கதைக்க வேணும் எண்டு நீங்களும் சொல்லல்ல. நானும் சொல்லல்லதானே."

பள்ளிவாசல் பக்கமாகத் தராவீஹ் தொழுகைக்கு ஆட்கள் போகத் தொடங்கியிருந்தார்கள். அவள் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கினாள். நான் என் வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் தலை சீவுவதா வேண்டாமா என்று தெரியாமலே படுத்தேன்.

சீவினேன். பத்து மணிக்கு வேலிப் பொட்டுக்குள்ளால் கோப்பை நீண்டது.

"அக்கா, உப்புப் பாருங்க."

முந்தின நாள் மாலையே உப்புச் சரிபார்த்து மூடிய சட்டி அது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கரண்டியை வாங்கி நாக்கில் வைத்தேன். மணல். ஒழுங்காக ருசி பார்ப்பவளைப் போலக் கண்ணை மூடி, வாயைச் சப்பினேன்.

"கூடிப்போச்சு" என்றேன்.

"கூடிட்டா?" என்றபடி றுக்கியா வளவுக்குள் வந்து குசினிப் படியில் குந்தினாள். சட்டியைக் கொண்டுவரவில்லை. மடி நிறைய வத்தலுக்கு அரிய வேண்டிய கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தாள், இரண்டு கத்தியோடு.